தறிகளை நிறுத்தக் கேட்டவர்

தொண்ணூறுகளில் மருதமுனையில், சாறன் நெய்யும் விசைத்தறி ஆலையொன்றில் உற்பத்தி அட்டவணை போடுவது என் வேலை. தறிகளைப் பழுதுபார்க்கும் பிற்றராக இருந்தவர் மெலிந்த மனிதர். தோளில் எப்போதும் ஓர் எண்ணெய்த்துணி கிடக்கும். பெருநாள் ஓடர்கள் குவிந்திருந்ததால், தறிகளை நிறுத்திச் சரிபார்க்க அவர் கேட்ட அரைநாளை நான் கொடுக்கவில்லை.

அதன் பிறகு, எல்லோரும் மதிய லுஹர் தொழப் பள்ளிக்குப் போகும் இடைவேளையில் அவர் நாளுக்கொரு தறியைக் கழற்றிப் பூட்டினார். பிந்தி, ஆலை மூலையில் தனியாகத் தொழுதார்.

"ஏன் காக்கா, எல்லாரோடயும் ஜமாஅத்துக்குப் போகல்லியா?" என்று கேட்டேன்.

"நீங்க நேரம் தரல்லியே, தம்பி. அல்லாஹ்ட்ட கேட்டு எடுத்தன்."

அன்றே அட்டவணையில் வியாழன் பின்னேரத்தை அவருக்கு ஒதுக்கினேன். மறுநாள் பாங்கு கேட்டதும் அவர்தான் முதல் ஆளாகப் பள்ளிக்கு நடந்தார். அத்தனை நாளும் முதலாளியிடம் என்னைப் பற்றி அவர் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று இன்றும் யோசிக்கிறேன்.