கலையாத அணி

இது கட்டுக்கதை இல்லை. மைக்செட் வைத்திருக்கும் என் மச்சானுக்கு நடந்தது. பொய் சொல்லத் தெரிந்திருந்தால் மனிதர் இந்நேரம் ரெண்டு வீடு கட்டியிருப்பார்.

கடற்படை நினைவிடத்தில் மறுநாள் விழா. போரில் இறந்தவர்களின் பெயரை அதிகாரி ஒவ்வொன்றாக வாசிப்பார். வீட்டு ஆள் எழுந்து "உள்ளேன் ஐயா" என்பார். கடைசியில் "அணி கலையலாம்" என்ற பிறகுதான் யாரும் நகரலாம். அங்கே அதுதான் வழக்கம்.

மாலையில் மச்சான் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்தபோது ஒரு அக்கா வந்தார். அவர் கணவர் போன கப்பல் போர்க் காலத்தில்தான் மூழ்கியது. ஒருவரும் மிஞ்சவில்லை. ஆனால் பயிற்சிக்குப் போன கப்பலாம், போர் எல்லைக்கு வெளியே மூழ்கியதாம். அதனால் நினைவிடத்தின் பெயர்ச் சுவரில் அவர்கள் பெயர் கிடையாது. மனு போட்டு, நடையாய் நடந்து, செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம்.

"நாளைக்கு அவர் பேரை வாசிக்க மாட்டாங்க தம்பி. நீங்க ஒரே ஒரு தடவ மைக்ல கூப்பிடுங்களேன். காதால கேட்டுட்டுப் போயிடறேன்."

மச்சானுக்கு மனசு கேட்கவில்லை. "அதுக்கென்னக்கா" என்று கப்பல் பெயரையும் அவர் கணவர் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டார். மைதானத்தில் ஈ காக்கா இல்லை.

"உள்ளேன் ஐயா."

ஆண் குரல். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"உள்ளேன் ஐயா..." வேறு குரல். இன்னொன்று. அப்புறம் இன்னொன்று...

மச்சான் வயரைப் பிடுங்கினார். ஸ்பீக்கர் அடங்கியது. குரல்கள் அடங்கவில்லை. எடுத்தார் ஓட்டம்.

அன்று மழை கொட்டித் தீர்த்தது. விடிந்ததும் பயந்து பயந்து போனார். சிமெண்ட் தரை முழுக்க ஈரம். ஆனால் சுவருக்கு எதிரே வரிசையாகக் காய்ந்த இடங்கள்... ஜோடி ஜோடியாக. பூட்ஸ் அளவில்.

அப்போதுதான் மச்சானுக்கு உறைத்தது. கூப்பிட்டார். கலையச் சொல்லவில்லை.

வாயைத் திறந்தார். அக்கா எப்போது வந்தாரோ, கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"சொல்லாதீங்க தம்பி. அவங்களுக்கு இடமில்லன்னாங்களே... நிக்கட்டும். சுவர்ல பேரைப் பொறிக்கட்டும், அப்புறம் அனுப்பலாம்."

அந்த அழுகைக்கு முன்னால் மறுக்க முடியவில்லை. விழாவில் அதிகாரி கலையச் சொன்னார். தான் பெயர் வாசித்தவர்களை மட்டும்.

மனு மறுபடியும் திரும்பி வந்தது.

போன மாதம் பெருமழை. மச்சான் என் வீட்டில், என் எதிரேதான் உட்கார்ந்திருந்தார். மழை விட்டதும் அக்கா போன் செய்தார். இருவரும் போனோம்.

வரிசைகள் அப்படியே இருந்தன.

அவற்றைப் பார்த்தபடி, மைக் வைத்த இடத்தில், புதிதாக ஒரு ஜோடி. பூட்ஸ் இல்லை. ரப்பர் செருப்பு. இடது குதிகால் தேய்ந்தது...

மச்சான் தன் செருப்பைக் கழற்றி அதன்மேல் வைத்தார். இம்மி பிசகவில்லை.

"கலையலாம்... அணி கலையலாம்!"

தொண்டை கிழியக் கத்தினார். பயனில்லை. அடுத்த மழையிலும் எல்லா ஜோடிகளும் இருந்தன.

பிறகு ஓய்வு பெற்ற மாலுமி ஒருவரிடம் விசாரித்தோம்.

"அணி கலையற வரைக்கும் கூப்பிட்டவனும் நகரக் கூடாதுப்பா. இனி அதிகாரி சொன்னாத்தான் கலையும், அதுக்குப் பேர் சுவர்ல ஏறணும்" என்றார்.

இப்போது அக்காவோடு மச்சானும் மனுவைத் தூக்கிக்கொண்டு அலைகிறார். மழை பிடித்தால் மட்டும் எங்கும் போவதில்லை. வீட்டுக்குள்ளேயே இருக்கிறார். இருந்தும்...

அவர் தலை நனைகிறது.