நடந்து பார்த்த கோடு

மலைப் பயண அலுவலகத்தில் அவளை எல்லோரும் கோட்டம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். வேலை அப்படி. பாதையே இல்லாத மலையில் ஓர் ஏரியிலிருந்து இன்னோர் ஏரிக்கு, முதுகில் மூட்டையோடு எப்படிப் போய்ச் சேரலாம் என்று வரைபடத்தில் கோடு போட்டுக் கொடுப்பாள். பாதையுள்ள மலைக்குப் போகிறவர்களுக்கு அவள் தேவையில்லை, கும்பலோடு கும்பலாக ஏறி இறங்கிவிடுவார்கள். மனித வாடையே இல்லாத கரையில் படுத்து எழ வேண்டும் என்று காசு கொடுத்துக் கஷ்டத்தை வாங்குகிறவர்கள்தான் அவளிடம் வருவார்கள். அந்த ஆசையை உட்கார்ந்து கேட்கிற பொறுமை அவளுக்கு ஒரு காலத்தில் இருந்தது. இப்போது கோடை வந்தாலே கழுத்து பிடித்துக்கொள்கிறது, கண் எரிகிறது, யாரும் எந்த ஏரிக்கும் போகாமல் வீட்டில் கிடந்தால் என்ன என்று தோன்றுகிறது.

ஆனாலும் ஓர் ஒழுங்கை அவள் விட்டதில்லை. மேசையில் யோசித்துப் போடும் கோடு பென்சிலில்தான் இருக்கும். ஒருவர் அந்த வழியே நடந்து திரும்பி வந்து சரி என்று சொன்ன பிறகே அதன்மேல் மை ஏறும். வழிகாட்டி இல்லாமல் தனியாகப் போகிறவர்களுக்கு மைக்கோட்டைத் தவிர வேறெதையும் விற்கக் கூடாது. முதலாளி நச்சரித்துப் பார்த்தார், அவள் மசியவில்லை. கணினி ஒரு நொடியில் போடுகிறதே என்றார். "போடும். அதுவா இறங்கப் போகுது?" என்று வாயை அடைத்துவிட்டாள்.

முன்பு அவளே நடந்துதான் மை போட்டாள். பிறகு வலது முழங்கால் தேய்ந்தது. மாடிப்படிக்கே யோசிக்க வேண்டும் என்றார் மருத்துவர். அன்றிலிருந்து நடப்பது அவள் கணவரின் பங்காயிற்று. அவர் அதே அலுவலகத்தில் வழிகாட்டி. பெண்டாட்டி கிழித்த கோட்டைத் தாண்டாதவர் என்பது மற்ற ஆண்களுக்குக் கிண்டல், இவருக்கோ அதுதான் பிழைப்பு. போய்த் திரும்பி வந்து, காலணியைக் கழற்றிக்கொண்டே, "கோடு சரியா இருந்துச்சு" என்பார். போன வழியைத் தானாகப் பதிகிற கருவியை மட்டும் சரியாகக் கொண்டுவர மாட்டார். ஒவ்வொரு தடவையும் பேட்டரி தீர்ந்துபோயிருக்கும். இந்த மனுஷனுக்கு ஒரு பேட்டரியைக் காப்பாற்றத் தெரியவில்லையே என்று திட்டிக்கொண்டேதான் அவள் மைப்பேனாவைத் திறப்பாள். அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் முழங்கால் வலி அவளுக்கு மறந்திருக்கும். இந்த வருஷம் மலை அலுத்துவிட்டது என்று சொல்லி, பின்பக்கக் கிடங்கில் கிழிந்த கூடாரங்களைத் தைக்கிற வேலையை அவரே கேட்டு வாங்கிக்கொண்டிருந்தார்.

அன்று காலை யாரோ ஒருவருக்காக, வாளி ஏரியிலிருந்து காது ஏரிக்குப் போகும் மைக்கோட்டைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தாள். ஏரிகளின் வடிவத்தைப் பார்த்து அலுவலகத்தில் வைத்த பெயர்கள் அவை. வாளி ஏரி இடது தாளில், காது ஏரி வலது தாளில் இருந்தது. நடுவே ஒரு கணவாய். இரண்டு தாளையும் ஒட்டினால் முழு வழியும் தெரியும். ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கிற சுற்றுக்கோடுகள் இடது தாளில் நெருக்கமாகவும் வலது தாளில் அகலமாகவும் கிடந்தன. கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் சாய்வு. கணவாய் வரைக்கும் மூச்சு வாங்கும், பிறகு பசும்புல் சரிவில் சுகமாக இறங்கலாம் என்று பார்த்ததும் தோன்றும். அவளுக்கும் அப்படித்தான் தோன்றியிருந்தது.

பசை காயட்டும் என்று காத்திருந்தபோது தாளின் ஓரத்துச் சிறிய எழுத்தைப் படித்தாள். இடது தாளில் கோட்டுக்குக் கோடு இருபது மீட்டர் உயரம். வலது தாளில் நாற்பது. அவள் சரிவு என்று நினைத்தது அதைப்போல இரண்டு மடங்கு செங்குத்து. அகலமான இரண்டு கோடுகளுக்கு நடுவே ஒரு பெரிய மாடிக்கட்டிட உயரத்துக்குப் பாறை இருந்தாலும் தாளில் தெரியாது.

வேறு வேறு வருஷம் அச்சான தாள்களை ஒட்டுகிறவள் முதலில் பார்க்க வேண்டியது அந்த ஓரத்தைத்தான். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அவளே சொல்லிக்கொடுக்கிற பாடம் அது. ஒரு பல் மருத்துவரும் அவர் தங்கையும் அந்த மைக்கோட்டை வாங்கிக்கொண்டு போய், இன்றைக்கு அந்தக் கணவாயில்தான் இருப்பார்கள். உடனே இன்னொன்றும் தோன்றியது. தன் கணவர் அதில் இறங்கியிருக்கிறாரே, எப்படி?

காலை இழுத்துக்கொண்டு கிடங்குக்குப் போனாள். அவர் ஊசியில் நூல் கோக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

"வாளியிலேருந்து காதுக்கு, கணவாய் தாண்டி எப்படி இறங்குனீங்க?"

"கோட்டு மேலதான்."

"அங்க இறங்க முடியாது. பாறை. எனக்கு இப்பதான் தெரிஞ்சுது. அந்தப் பல் டாக்டர் இன்னிக்கு அங்க நிக்கிறார்."

அவர் ஊசியைக் கீழே வைத்தார். "வடக்கால சுத்திப் போனேன்" என்றார்.

"வந்து சரின்னு சொன்னீங்களே."

"உனக்கு முட்டி போயிடுச்சு. இந்தக் கோடு போடறது ஒண்ணுதான் மிச்சம் இருக்குன்னு நினைச்சேன். அதையும் தப்புன்னு எப்படிச் சொல்றது?"

அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அதைக் கொட்ட நேரமில்லை. "எழுந்து வாங்க" என்றாள்.

அந்த அண்ணன் தங்கையிடம் அலுவலகம் வாடகைக்குக் கொடுத்த செயற்கைக்கோள் கருவி இருந்தது. சாப்பிட உட்காரும்போதுதான் அதைத் திறப்பார்கள். கோட்டைவிட்டு விலகுங்கள், பாறையில் இறங்காதீர்கள் என்று அனுப்பிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பக்கத்தில் கைகட்டி நின்றார். உட்காரச் சொல்ல அவளுக்கு மனமில்லை. மதியம் கடந்த பிறகு பதில் வந்தது. அவள் அதை வாய்விட்டே படித்தாள்.

"கீழே ஏரி தெரிகிறது. வழி தெரியவில்லை. நடந்து பார்த்த கோடு என்பதால் நாங்கள்தான் இடம் மாறி வந்துவிட்டோம் என்று நினைத்தோம். இரண்டு இடத்தில் இறங்கிப் பார்த்தோம். தங்கை விழுந்துவிட்டாள். மணிக்கட்டு வீங்குகிறது. நடக்க முடியும்."

மை என்று நம்பி இறங்கியிருக்கிறார்கள். பென்சிலாக இருந்திருந்தால் பாறையைப் பார்த்ததுமே திரும்பியிருப்பார்கள்.

"சொல்லுங்க. நீங்க போன வழி" என்றாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். கணவாய்க்கே திரும்பி ஏறணும். வடக்கே முகட்டு மேலயே போனா உடைஞ்ச பல் மாதிரி ஒரு பாறை வரும். அதுக்கு அந்தப் பக்கம் சரளை நிறைஞ்ச ஓடை. அதுல தண்ணி இருக்காது. நேரா ஏரியில கொண்டுபோய் விடும். அவர் சொல்லச் சொல்ல அவள் அடித்து அனுப்பினாள். முதலாளி வந்து எட்டிப் பார்த்து, அவள் முகத்தைக் கண்டு, வந்த வழியே போய்விட்டார். மாலை வெயில் மேசையைவிட்டு இறங்கும் நேரத்தில் செய்தி வந்தது. ஏரிக்கு வந்துவிட்டார்கள், கையைக் கட்டியிருக்கிறார்கள், நாளை மலையடிவாரத்துக்கு இறங்கி மருத்துவமனைக்குப் போகிறார்கள். கடைசியில் நன்றி என்று வேறு எழுதியிருந்தார்கள். அந்தச் சொல் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

அலமாரியிலிருந்து மைக்கோட்டு வரைபடங்களை எல்லாம் எடுத்து மேசையில் போட்டாள். இனி எதையும் விற்க வேண்டாம் என்று முதலாளியிடம் சொல்லியாயிற்று. அவர் தலையில் கை வைத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டார். அவள் கணவர் பக்கம் திரும்பினாள்.

"என் முட்டி போனதுலேருந்து ஒண்ணொண்ணா சொல்லுங்க. எங்கெல்லாம் சுத்திப் போனீங்க?"

"எல்லாத்தையும் சொன்னா உனக்கு என்ன மிஞ்சும்?"

"அதை நான் பாத்துக்கறேன். என்னைத் தாங்கறேன்னு நினைச்சு யாரோ பெத்த பிள்ளைங்களைப் பாறையில நிக்க வெச்சோம்."

அவர் சொல்லத் தொடங்கினார். இங்கே பனி உருகாமல் கிடந்தது, மேலால் போனேன். இங்கே சதுப்பு. இது சரியாகவே இருந்தது, சத்தியமாக. அவள் நம்பலாமா என்று ஒரு கணம் யோசித்துவிட்டு அடுத்த தாளை எடுப்பாள். கடைசியாக ஏழு ஏரியையும் சுற்றி வரும் பெரிய கோடு வந்தது. ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து போட்டது. போன வருஷம்தான் மை ஏறியது. அவள் போட்டவற்றிலேயே அழகான கோடு அதுதான் என்று முதலாளிகூடச் சொல்வார். இன்னும் யாரும் வாங்கவில்லை.

"இதுல எங்க விலகுனீங்க?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். "விலகலை. போகவே இல்லை. முதல் ஏரிக்கரையிலேயே கூடாரம் போட்டு திரும்ப வேண்டிய நாள் வர்ற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். அதுக்கு மேல ஏற முடியலை."

மலை அலுத்துவிட்டது என்று அவர் சொன்னதை அவளும் அப்படியே நம்பியிருந்தாள். மாடிப்படியில் தனக்குப் பின்னால் அவர் ஏன் அவ்வளவு மெதுவாக ஏறுகிறார் என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. தனக்காகத்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

"முட்டியா?" என்று கேட்டாள்.

"ரெண்டும்" என்றார் அவர்.