ஒரு தாலாட்டுக்கு மூன்று வாத்தியார்கள்

என் மகளின் வளைகாப்பன்று சம்பந்தியம்மா பாடினார். திட்டக்குடியிலிருந்து வேன் வைத்துக்கொண்டு வந்தவர்கள் சீர்த்தட்டுகளோடு அந்தக் குரலையும் இறக்கிவைத்தார்கள். மைக் இல்லாமலே மண்டபத்தின் கடைசி வரிசைவரை கேட்டது. சமையல்காரர்கள்கூடக் கரண்டியை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்கள். பாடி முடித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பொண்ணோட அம்மா ஒன்னு பாடட்டுமே" என்றார். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார் என்று இன்றைக்கு எழுதுகிறேன். அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை.

நான் தொண்டையைச் செருமினேன். செருமியதோடு சரி. கன்னத்தில் சந்தனமும் கை நிறைய வளையலுமாக உட்கார்ந்திருந்த மகள் சட்டென்று என் கையைப் பிடித்து, "வேணாம்மா, வுடு" என்றாள். சம்பந்தி வீட்டுப் பெண்கள் நாலு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

மகளைக் குற்றம் சொல்ல முடியாது. விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் பியூஸ் கேரியரும் சின்னச் சின்னப் பொம்மைகளும் செய்கிற ஒரு யூனிட்டில் இருபது வருடமாக மண் கலக்குகிறவள் நான். அரவை உருளையின் இரைச்சலுக்கு மேல் கத்திக் கத்தி, என் குரலும் அந்த உருளையின் கூடப்பிறந்தது மாதிரி ஆகிவிட்டிருந்தது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. எங்கள் வீட்டு வழக்கப்படி, பிள்ளைக்கு மூன்றாம் மாதம் தொட்டில் போடுவோம். தொட்டிலை ஆட்டி முதல் தாலாட்டைப் பாட வேண்டியவள் பெண்ணைப் பெற்றவள். அன்றைக்குச் சாயங்காலமே தாயும் பிள்ளையும் புகுந்த வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். அந்தத் தாலாட்டையும் திட்டக்குடிக்குத் தாரை வார்ப்பதில்லை என்று முடிவு செய்தேன். என் மகள் என் கையைப் பிடித்து நிறுத்தாமல், நாலு பேர் நடுவே நிமிர்ந்து உட்கார்ந்து நான் பாடுவதைக் கேட்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். கையில் ஐந்து மாதம் இருந்தது.

முதலில் ஜங்ஷன் ரோட்டில் இருக்கிற பாட்டு டீச்சரிடம் போனேன். சரளி வரிசையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், விடியற்காலையில் வாயைத் திறந்து அகாரம் பிடிக்க வேண்டும், தயிரைத் தொடக் கூடாது, தூசி ஆகவே ஆகாது என்றார். நான் எங்கே வேலை செய்கிறேன் என்று சொன்னேன். டீச்சர் என் கையில் படிந்திருந்த வெள்ளைத் தூசியைப் பார்த்தார். பிறகு, "சரி, தயிரையாவது நிறுத்துங்க" என்றார்.

இரண்டாவது வாத்தியார் எங்கள் யூனிட்டிலேயே இருந்தார். சூளை பார்க்கிறவர். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் பாட்டுக் குழுவை நடத்துகிறவரும் அவரேதான். "அக்கா, பாட்டு தொண்டையில இல்ல, வயித்துல இருக்குது" என்று சொல்லி, மல்லாந்து படுத்து வயிற்றில் கனமாக எதையாவது வைத்து மூச்சு விடச் சொன்னார். நான் பியூஸ் கேரியர் அட்டைப்பெட்டி ஒன்றை வைத்துக்கொண்டேன். சாப்பாட்டு இடைவேளையில் பார்த்தவர்கள் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆட்டோ கூப்பிட்டுவிட்டார்கள்.

மூன்றாவது வாத்தியார், வீடியோ காலில் வகுப்பு எடுத்த, போனுக்குள் இருந்த ஒரு பெண். என் மகள் வயதுதான் இருக்கும். ஸ்ட்ராவைத் தண்ணீர் பாட்டிலுக்குள் விட்டு 'ஊ' என்று ஊதச் சொன்னாள். உதட்டைச் சேர்த்துவைத்து 'ப்ர்ர்ர்' என்று அதிரவைக்கச் சொன்னாள். பத்தே நாளில் குரல் மாறும் என்றாள். பத்து நாளில் மாறியது பக்கத்து வீட்டுக்காரம்மா என்னைப் பார்க்கும் பார்வைதான்.

இதில் ஒருவரைப் பிடித்துக்கொண்டு போயிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது. ஆனால் நான் மண் கலக்குகிறவள். நல்ல பீங்கானுக்கு வெள்ளைக் களிமண் ஐம்பது, குவார்ட்ஸ் இருபத்தைந்து, ஃபெல்ஸ்பார் இருபத்தைந்து. களிமண் வளைந்து கொடுக்கும், குவார்ட்ஸ் நிமிர்த்தி நிறுத்தும், ஃபெல்ஸ்பார் உருகி இரண்டையும் ஒட்டும். எதைத் தனியாகச் சூளையில் வைத்தாலும் உருப்படியாக ஒரு சாமான் வராது. இது எனக்குத் தெரிந்த ஒரே வித்தை. தெரிந்த வித்தையை எங்கே கொண்டுபோய்க் காட்டலாம் என்று கை அரித்துக்கொண்டே இருக்கும் அல்லவா? டீச்சர் ஐம்பது, சூளைக்காரர் இருபத்தைந்து, போன் பெண் இருபத்தைந்து என்று கலவை போட்டு, காலண்டர் அட்டையின் பின்பக்கம் எழுதி ஒட்டிவிட்டேன். ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் மூச்சு விடவில்லை.

டீச்சர் வாயை அகலமாகத் திறக்கச் சொல்வார். சூளைக்காரர், உள்ளே ஒரு முட்டையை வைத்திருப்பதுபோல் உருட்டிக்கொள்ளச் சொல்வார். போன் பெண்ணோ சிரித்த முகமாக இருக்கச் சொல்வாள். கண்ணாடி முன்னால் நின்று மூன்றையும் ஒரே வாயில் செய்து பார்த்தேன். பல் டாக்டரிடம் மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. டீச்சர் சுரத்தை அசைக்கச் சொன்னதைச் சூளைக்காரரிடம் அசைத்தேன். "ஆட்டாதீங்கக்கா, நேரா நிறுத்துங்க" என்றார். அவர் சொன்னபடி டீச்சரிடம் நேராக நிறுத்தினேன். "இது எந்த ஊரு பாட்டும்மா?" என்றார்.

இதெல்லாம் செய்ய வேண்டியவை. செய்யக் கூடாதவை என்று ஒன்று இருந்ததே, அங்கேதான் கலவை கெட்டது. சாதகம் முடிந்து ஒரு மணி நேரம் பேசக் கூடாது என்பது டீச்சர். பாடப்போவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் வாயைத் திறக்காமல் மூச்சைச் சேர்த்துவைக்க வேண்டும் என்பது சூளைக்காரர். வேலையில் கத்துகிறவர்கள் வீட்டுக்கு வந்ததும் தொண்டைக்கு முழு ஓய்வு கொடுக்க வேண்டும், கிசுகிசுக்கவும் கூடாது என்பது போன் பெண். செய்ய வேண்டியதை அளந்து போட்டவள், செய்யக் கூடாததை மட்டும் மூன்று பேரிடமிருந்தும் முழுசாக வாங்கிக்கொண்டேன். காலையில் எழுந்ததிலிருந்து யூனிட்டுக்குக் கிளம்பும்வரை மௌனம். யூனிட்டில், வேறு வழியில்லாமல், ஊரைக் கூட்டும் கத்தல். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததிலிருந்து ஏழரை மணிவரை மறுபடி மௌனம். மந்தாரக்குப்பம் கடைத்தெருவுக்குப் போன அன்று ஒரு சிலேட்டு வாங்கிவந்து கழுத்தில் மாட்டிக்கொண்டேன்.

வீட்டில் நானும் மகளும்தான். என் வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார். பிரசவத்துக்கு ஒரு வாரம் வந்துவிட்டுப் போனார். பெண் குழந்தை. எங்கள் வீட்டு மூக்கு.

வேளைக்குப் பத்தியச் சாப்பாடு, குழந்தைக்கு எண்ணெய், வெந்நீர் எதிலும் நான் குறை வைக்கவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன். காலையில் குழந்தையைக் குளிப்பாட்டும்போது மகள் ஏதாவது ஆரம்பிப்பாள். "யம்மா, உன்கிட்ட ஒன்னு கேக்கணும்" என்பாள். நான் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு சிலேட்டில் 'சாயங்காலம்' என்று எழுதிக் காட்டுவேன். சாயங்காலம் கேட்டால் 'ஏழரைக்கு மேல்' என்று எழுதுவேன். ஏழரைக்கு அவள் குழந்தையோடு அசந்து தூங்கிப்போயிருப்பாள். ஒரு நாள் சிலேட்டை வாங்கி, 'ஒன்னுமில்ல' என்று எழுதித் திருப்பிக் கொடுத்தாள். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. சிரித்தேன். சத்தம் வராமல்தான்.

மறைப்பானேன், குரல் வந்தது. பாட்டுக் கற்க ஆரம்பித்த நாலாவது மாதத்தில் ஒரு காலை, மேலே பிடித்த சுரம் கீறல் இல்லாமல் நின்றது. டீச்சரே நிமிர்ந்து உட்கார்ந்தார். மூன்று பேரும் தனித்தனியே, "எல்லாம் நம்ம முறைதான்" என்று பெருமைப்பட்டுக்கொண்டார்கள். நானும் மூன்று பேரிடமும் ஆமாம் என்றேன்.

தொட்டில் போட்ட அன்று வீடு நிறைய ஆட்கள். சம்பந்தியம்மா முன்வரிசையில், குழந்தைக்கு வாங்கிய கொலுசை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் தொட்டில் கயிற்றைப் பிடித்தேன். மூச்சை வயிற்றில் வாங்கினேன். ஆராரோவை எடுத்தேன். நாலு அடிப் பாட்டு. எங்கே அசைக்க வேண்டுமோ அங்கே அசைந்தது, எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நின்றது. முடிந்ததும் கை தட்டினார்கள். தாலாட்டுக்குக் கை தட்டி இப்போதுதான் பார்க்கிறேன். குழந்தை திடுக்கிட்டு எழுந்து வீறிட்டது. மகள் என் கையைப் பிடிக்கவில்லை. நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தாள். நான் கேட்டது எனக்குக் கிடைத்துவிட்டது.

"எவ்ளோ அருமையா பாடுனீங்க சம்பந்தி, எனக்குல்லாம் இப்டி வராது" என்றார் சம்பந்தியம்மா. தோற்றவர் பேசுகிற மாதிரியே இல்லை. பேசிக்கொண்டே தொட்டிலிலிருந்து குழந்தையைத் தூக்கி, தன் இடது தோளில் சாய்த்துக்கொண்டார். அழுகை நின்றது.

"இடது தோள்ல போட்டாதான் அமருறா. வலதுல போட்டா அழுவுறாளாம்" என்றார் என்னிடம். எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னார். "மொத மாசம் பால் கட்டிக்கிட்டு உங்க பொண்ணு ரெண்டு நாளு அழுதப்போ எனக்கு அங்க கை ஓடல, கால் ஓடல. நீங்க பக்கத்துல இருக்கீங்களேன்னு ஒரு தைரியந்தான். தெனமும் மத்தியானம் போன்ல எல்லாத்தையும் சொல்லிருவா."

பால் கட்டிக்கொண்டதா? எப்போது? நான் அடுத்த அறையில் இருந்தேன். ஸ்ட்ராவை வைத்து ஊதிக்கொண்டிருந்திருப்பேன். எனக்கு ஒரு வார்த்தை தெரியாது. தலையை மட்டும் ஆட்டினேன், எல்லாம் தெரிந்தவள் மாதிரி. சம்பந்தியம்மா பாடியே என்னைத் தோற்கடித்திருக்கலாம். அது எவ்வளவோ தேவலாம் என்றிருந்தது.

சாயங்காலம் வேன் வந்தது. பெட்டி, படுக்கை, தொட்டில் சேலை எல்லாம் ஏற்றினார்கள். மகள் கடைசியாக ஏறினாள். நான் ஜன்னல் பக்கம் போய், "நல்லா பாடுனனா?" என்று கேட்டேன். ஐந்து மாதத்தில் நானாக அவளிடம் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

"நல்லா இருந்திச்சும்மா" என்றாள். குழந்தையின் குல்லாவைச் சரிசெய்துகொண்டே, கோபமே இல்லாமல் சொன்னாள்: "நான் அஞ்சு மாசம் உன்கூட பேசிக்கினு இருக்கலாம்னுதாம்மா வந்தேன். போயிட்டு வரேன்."

வேன் கிளம்பித் தெருமுனைவரை மெதுவாகத்தான் போனது. என் தொண்டை அன்றைக்கு இருந்ததுபோல் ஒரு நாளும் இருந்ததில்லை. கூப்பிட்டிருந்தால் தெருமுனைக்கும் கேட்டிருக்கும். கூப்பிட்டு என்ன பேசுவதென்று தெரியாமல் வாசலிலேயே நின்றேன்.