பெங்களூரிலிருந்து பூட்டிய வீடு

பெரம்பலூரில் இருப்பவனுக்குக் கங்கைகொண்ட சோழபுரம் பக்கத்து ஊர் என்று பெங்களூரில் நினைக்கிறார்கள். கைபேசி வரைபடத்தில் இரண்டும் ஒரு கட்டைவிரலுக்குள் அடங்கிவிடும். அரியலூரில் ஒரு பஸ் மாறி, ஜெயங்கொண்டத்தில் இன்னொரு பஸ் மாறி, நடுவில் சிமென்ட் லாரிகளின் பின்னால் ஊர்ந்து போவது திரையில் தெரியாது. பெங்களூரில் வேலை பார்க்கும் என் தங்கையின் கணவர், அப்பா இறந்தபின் அம்மாவைத் தன்னோடு அழைத்துக்கொண்டு, சோழபுரத்தில் இருந்த அப்பா வீட்டைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடத் தொடங்கியபோது, உள்ளூர் தொடர்புக்கு என்று என் எண்ணைக் கொடுத்துவிட்டார். என்னைக் கேட்கவில்லை. பத்திரிகையில் மாவட்ட நிருபராக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு வேறு என்ன வேலை இருக்கப் போகிறது என்பது மாப்பிள்ளையின் எண்ணம்.

விளம்பரத்தை அவரே எழுதினார். கோயில் கோபுரம் தெரியும் மொட்டைமாடி, பழமை மாறாத தெரு, அன்பான அக்கம்பக்கம். அந்தக் கோயிலில் உயர்ந்து நிற்பது விமானம். அதன் நிழலில் வளர்ந்தவருக்கு அது கோபுரம். அதையும் பார்க்க வேண்டுமானால் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி நிற்க வேண்டும்.

வீட்டைக் கூட்டித் துடைத்து, வருகிறவர்களுக்குச் சமைத்துப் போட அதே தெருவில் ஒரு பெண்ணை அமர்த்தியிருந்தார். அந்தப் பெண்ணின் கணவர் முந்திரிக் காட்டு வேலைக்குப் போகிறவர். முந்திரி வருடம் முழுக்கக் காய்ப்பதில்லை. அதனால் அந்தக் குடும்பத்தில் மாதம் தவறாமல் வந்த வருமானம் மனைவியுடையதுதான். மாப்பிள்ளை வாசல் நிலைக்கு மேல் ஒரு கேமரா வைத்து, கதவுக்கு எண் அமுக்கித் திறக்கும் பூட்டும் போட்டிருந்தார். கோலம் சின்னதாக இருக்கிறது என்று பெங்களூரிலிருந்து போன் வரும். அந்தப் பெண் பெரிதாகப் போடுவார். படத்தில் கோணலாகத் தெரிகிறது என்று மறுபடியும் போன் வரும்.

போன மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை காலை மாப்பிள்ளை என்னைக் கூப்பிட்டார்.

"மச்சான், நம்ம வீட்டு வாசல்ல ஷாமியானா போட்டுட்டு இருக்காங்க. மத்தியானம் கெஸ்ட் வராங்க. கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்லுங்களேன்."

அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு விசாரித்தேன். எதிர்வீட்டுப் பெரியவர் விடியற்காலையில் இறந்துபோயிருந்தார். மாப்பிள்ளையின் அப்பா இறந்தபோது ஓடியாடி எல்லா வேலையும் பார்த்தவர் அவர். அன்று பெண்கள் கழிப்பறைக்கு ஒதுங்கியதும், ஆண்கள் இடுகாட்டிலிருந்து திரும்பிக் குளித்ததும் அந்த எதிர்வீட்டில்தான். நானும் அங்கேதான் குளித்தேன். செய்தியைச் சொன்னேன். "அடடா, நல்ல மனுஷன்" என்றார் மாப்பிள்ளை. அடுத்த மூச்சில், "எத்தனை மணிக்கு எடுப்பாங்களாம்?" என்றார்.

அந்தத் தெருவில் பிணம் எடுக்கும் வரை யார் வீட்டிலும் அடுப்புப் பற்றவைக்க மாட்டார்கள். குழந்தைகளுக்கான பால்கூட அடுத்த தெருவில் காய்ச்சி வரும். சமைக்க முடியாது என்று அந்தப் பெண் தெளிவாகச் சொல்லிவிட்டார். அதற்கு மாப்பிள்ளையிடமிருந்து வந்த யோசனையை அப்படியே தருகிறேன்: கேஸ் அடுப்புதானே, புகை வெளியே தெரியாதே. நன்றாகப் படித்தவர். பெரிய கம்பெனியில் பலரை மேய்க்கிறவர்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஷாமியானா நிரம்பியிருந்தது. தா.பழூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வேன் நிறைய உறவுக்காரப் பெண்கள் வந்திருந்தார்கள். துக்க வீட்டில் இருந்தது ஒரே கழிப்பறை. அதனால் அந்தப் பெண் காலையிலேயே மாப்பிள்ளை வீட்டைத் திறந்து, வந்தவர்களை உள்ளே அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார். யாரையும் கேட்கவில்லை. அந்தத் தெருவில் அது கேட்டுச் செய்கிற காரியமில்லை.

அதைக் கேமராவில் பார்த்துவிட்டார் மாப்பிள்ளை. வீடு காலியாக இருந்த சமயமாகப் பார்த்துக் கதவைப் பூட்டி, பெங்களூரில் இருந்தபடியே கைபேசி வழியாக எண்ணையும் மாற்றிவிட்டார்.

அந்தப் பெண் கதவுக்கு முன்னால் நின்று பழைய எண்ணை அமுக்குவதும், பூட்டு கீச்சென்று கத்துவதும், மறுபடியும் அமுக்குவதுமாக இருந்தார். பின்னால் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஷாமியானாவுக்குக் கீழே இருந்தவர்கள் அழுகையை விட்டுவிட்டு இதைப் பார்த்தார்கள்.

மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். வீட்டைத் தப்பாகப் பயன்படுத்துகிறார்கள் என்றார். கர்ப்பிணி நிற்கிறாள் என்றேன். நடமாடும் கழிப்பறை வாடகைக்குக் கிடைக்குமே என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அந்தம்மா இனிமே வரவேணாம் மச்சான். நீங்களே பக்குவமாச் சொல்லிடுங்க."

பக்குவமாகச் சொல்ல அதில் ஒன்றுமில்லை. சொன்னேன். அந்தப் பெண் துடைப்பத்தைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, கர்ப்பிணியின் கையைப் பிடித்துத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனார்.

மத்தியானம் காரில் நான்கு பேர் வந்து இறங்கினார்கள். கதவு அவர்களுக்கு உடனே திறந்தது. சாப்பாடு எங்கே என்று என்னைக் கேட்டார்கள். நான் பதில் சொல்வதற்குள் துக்க வீட்டுக்காரர் ஒருவர், வெளியூர்க்காரர்களுக்கென்று ஜெயங்கொண்டத்திலிருந்து வாங்கி வந்திருந்த எலுமிச்சை சாதப் பொட்டலங்களில் நான்கை எடுத்து நீட்டினார். பசியோடு வந்திருக்கிறார்கள் என்பதற்கு மேல் அவருக்கு எதுவும் தெரிய வேண்டியிருக்கவில்லை. அவர்கள் மொட்டைமாடிக்குப் போய்ச் சாப்பிட்டார்கள். பாடை கிளம்பியபோது, பாதி தின்ற பொட்டலத்தை ஒரு கையில் பிடித்தபடி மறுகையால் வீடியோ எடுத்தார்கள்.

ஊர் திரும்பியதும் இணையத்தில் வீட்டுக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார்கள். உண்மையான கிராம வாழ்க்கையை மிக அருகில் பார்த்தோம், மக்கள் அன்பானவர்கள் என்று எழுதியிருந்தார்கள். மாப்பிள்ளை அதை எனக்கு அனுப்பிவைத்தார். கூடவே, அந்தம்மாவைத் திரும்ப வரச் சொல்லுங்கள், நடந்ததை நான் பெரிதுபடுத்தவில்லை என்றும் எழுதினார். பெரிதுபடுத்த வேண்டியது யார் என்பதில் அவருக்குச் சந்தேகமே எழவில்லை.

மறுவாரம் போனேன். அந்தப் பெண் முந்திரி உடைக்கும் கொட்டகையில் இருந்தார். தோட்டின் பால் பட்டு விரல்கள் கறுத்திருந்தன. கூலி முன்னைவிடக் குறைவு, வேலையும் தினமும் கிடையாது என்று அவரே சொன்னார். நான் வந்த விஷயத்தைச் சொன்னதும் கையை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டார்.

"வரலண்ணே. தம்பிகிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க. பெரியம்மா அங்க மகன்கூடத்தான இருக்காங்க? அவங்களுக்கு ஒண்ணுன்னா இங்கதான கொண்டாருவாங்க? அன்னைக்கு நாங்க எந்த நம்பர அமுத்தணும்னு இப்பவே சொல்லிட்டா நல்லது."

பக்கத்தில் உடைத்துக்கொண்டிருந்தவள் சிரித்தாள். "அன்னைக்கும் கெஸ்ட் வருவாங்கடி, பாத்துக்க" என்றாள்.

நிருபர் வேலையில் எனக்கு ஒட்டிய ஒரே நல்ல பழக்கம், ஒருவர் சொன்னதை மாற்றாமல் அனுப்புவது. ஒரு சொல் குறைக்காமல் மாப்பிள்ளைக்கு அனுப்பினேன். படித்துவிட்டார் என்பதற்கான நீலக் குறி உடனே வந்தது. மறுநாள், ஜெயங்கொண்டத்தில் வேறு ஆள் கிடைக்குமா என்று கேட்டார்.

இப்போது இரண்டு பையன்கள் பைக்கில் வந்து விரிப்பு மாற்றிவிட்டுப் போகிறார்கள். தெருவில் யாரும் அவர்களிடம் பேசுவதில்லை. சாப்பாடு ஹோட்டலிலிருந்து வருகிறது. தங்கையிடம் அந்தக் கேள்வியைப் பற்றி ஒருமுறை பேசிப் பார்த்தேன். மாமியாருக்குச் சர்க்கரை கட்டுக்குள்தான் இருக்கிறது, இப்போது எதற்கு அந்தப் பேச்சு என்றாள்.