கருவிழியில் ஒரு பச்சைக் கிளை

மகளுக்கு முதல் முறை கண் சிவந்தபோது, லேக் கார்டன்ஸில் நாங்கள் மாஷிமா என்று கூப்பிடும் கீழ்வீட்டுப் பெங்காலி அம்மாள் பார்த்தவுடனே ‘ஜொய் பாங்ளா’ என்றார். கல்கத்தாவில் கண்வலிக்கு அதுதான் பெயர். தானாகப் போய்விடும் என்றார். போகவில்லை. வெளிச்சம் பட்டாலே முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொண்டாள். அது ஹெர்பிஸ் என்று கண் டாக்டர்தான் சொன்னார். உதட்டோரம் கொப்புளம் போடும் அதே வைரஸ், கருவிழிக்கு வந்திருந்தது.

அசைக்ளோவிர் களிம்பு போட்டோம், அடங்கியது. பிறகு ஏதாவதொரு காய்ச்சலின் பின்னாலேயே திரும்பி வரும். மறுபடி களிம்பு, மறுபடி அடங்கும். அவள் எட்டாம் வகுப்புக்கு வருவதற்குள் எங்களுக்குப் பயம்கூடக் குறைந்திருந்தது.

அந்த மழைக்காலத்தில் களிம்பு போட்டும் சிவப்பு போகவில்லை. காலையில் என் மனைவி அவளுடைய நல்ல கண்ணைப் பொத்தச் சொல்லி, ஊரிலிருந்து வந்த தினசரி காலண்டரைப் படிக்க வைப்பாள். மகள் திணறுவாள். பெங்காலியிலும் இங்கிலீஷிலும் வளர்ந்தவள், தமிழை எப்போதும் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். அதனால் அந்தத் திணறலை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

“கண்ணு தெரியலையா, தமிழ் தெரியலையாடி?” என்றாள் மனைவி ஒருநாள்.

“ரெண்டு கண்ணால பாத்தாலும் இப்படித்தான்மா படிப்பேன்,” என்று சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: “ஆனா இன்னிக்கு தேதியே கலங்கலா இருக்கு.”

தேதி உள்ளங்கை அகலத்துக்கு அச்சாகியிருந்தது. அதைப் படிக்கத் தமிழ் வேண்டியதில்லை.

டாக்டர் கண்ணில் சாயம் விட்டு, நீல விளக்கில் பார்த்தார். மாணவர்கள் பார்ப்பதற்கென்று பக்கத்தில் இருந்த குழாயில் என்னையும் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். என் மகளின் கண்மணிக்குக் குறுக்கே ஒரு கிளை பச்சையாக ஒளிர்ந்தது. கிளைக்குள் கிளை, ஒவ்வொரு நுனியிலும் மொட்டுப் போல ஒரு புடைப்பு. அவளைக் குருடாக்கக் கூடியது அவ்வளவு அழகாக இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

அவர் பொறுமையாக விளக்கினார். களிம்பிலுள்ள மருந்து தானாக எதையும் செய்யாது. வைரஸ் தன் பெருக்கத்துக்கு வைத்திருக்கும் ஒரு கருவியே மருந்தைத் தூண்டிவிட்டு வைரஸுக்கே விஷமாக்குகிறது. இவளிடம் இருக்கும் வைரஸ் அந்தக் கருவியையே விட்டுவிட்டது போலிருக்கிறது, அதனால்தான் களிம்பு பலிக்கவில்லை என்றார். எனக்கு உடல் சிலிர்த்தது. மூளை இல்லை, கண் இல்லை, உயிர் என்று சொல்லலாமா என்பதிலேயே சந்தேகம். அது தன் கையிலிருந்ததை உதறிவிட்டுப் பிழைத்திருந்தது. அதுவும் என் குழந்தைக்குள். அடங்கியிருந்த காலமெல்லாம் அது போய்விடவில்லை, காதுக்கு முன்னால் உள்ளே ஒரு நரம்பு முடிச்சில் தூங்கியதாம். இனியும் அங்கேதான் தூங்குமாம்.

மரத்துப்போகச் சொட்டு விட்டு, புண்ணான மேல்தோலை மெல்லத் துடைத்தெடுத்தார். அந்தக் கருவியின் தயவு வேண்டாத வேறொரு மருந்து வெளியூரிலிருந்து ஐஸில் வந்தது. பலிக்கலாம் என்றுதான் சொன்னார், நிச்சயம் என்று சொல்லவில்லை.

பிறகு ஒரு காலையில், சுவரில் மாட்டிய பெங்காலி எழுத்து அட்டைக்கு முன்னால் அவளை உட்கார வைத்தார்கள். நல்ல கண்ணை மூடினார்கள். அவள் படிக்க ஆரம்பித்தாள். எனக்கும் மனைவிக்கும் பெங்காலி பேச வரும், ஓர் எழுத்துகூடப் படிக்க வராது. அவள் சொல்வது சரியா தப்பா என்று தெரியாமல் இருவரும் டாக்டரின் கையிலிருந்த குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

குச்சி அடுத்த வரிக்கு இறங்கியது. அதற்கும் அடுத்த வரிக்கு இறங்கியது.