பூசையில் வைத்த தகடு

சுவிஸ் மலைகளை எங்கள் அப்பா மற்றவர்களைப்போலப் பார்க்கமாட்டார். எல்லோரும் பனியைப் பார்த்து வாயைப் பிளக்கும்போது, மேலே அணை இருக்கிறதா, தண்ணீர் எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறது என்று கேட்பார். அந்தத் தண்ணீர் வந்து அடித்துச் சுழற்றும் சக்கரங்களைச் செய்யும் தொழிற்சாலையில்தான் அவருக்கு வேலை. தலைமுறை தலைமுறையாக இந்த நாட்டு அணைகளுக்கு அங்கிருந்து சக்கரம் போனதை, ஏதோ தானே தொடங்கி வைத்ததுபோலச் சொல்வார்.

சக்கரத்தைச் சுற்றி இரட்டைக் கரண்டிகள்போலக் கிண்ணங்கள் இருக்கும். அவற்றின் உட்புறத்தைத் தேய்த்து வழவழப்பாக்குவது அப்பாவின் பொறுப்பு. வளைவு சரியா என்று ஒரு மெல்லிய உருக்குத் தகட்டை வைத்துப் பார்ப்பார். ஈழத்தில் போர் முடிந்து இரண்டாம் வருடம், எனக்கு ஒன்பது வயது. சரஸ்வதி பூசைக்கென்று மேலாளரிடம் கெஞ்சி, அந்தத் தகட்டை ஒருநாள் டீட்டிகோன் ஊரில் இருந்த எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். என் பள்ளிக்கூடக் கொப்பிகளுக்கு மேல் வைத்துப் பொட்டும் இட்டார்.

"விடியுமட்டும் ஒருத்தரும் தொடப்படாது பிள்ளை, சரியோ?"

"ஓம் அப்பா" என்றேன். அவர் குளிக்கப் போகும்வரைதான் அந்த ஓம் தாங்கியது. அம்மா அடுப்படியில் கடலை தாளித்துக்கொண்டிருந்தா. தகட்டின் வளைவை வைத்து ஒரு மலை கீறிப் பார்க்க எனக்கு ஆசை. மலை நன்றாகத்தான் வந்தது. தகடு கைதவறித் தரை ஓட்டில் விழுந்து நுனி வளைந்துவிட்டது. வாசலில் கிடந்த சப்பாத்தைக் காலில் மாட்டி, அதன் கீழ் வைத்து மிதித்து நிமிர்த்தினேன். கண்ணுக்கு நேராகத்தான் தெரிந்தது. இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, பூசை நேரத்தில் நல்ல பிள்ளையாகத் தேவாரமும் பாடினேன்.

அடுத்த கிழமை அந்தத் தகட்டை நம்பி, ஒரு கிண்ணத்தை அப்பா அளவுக்கு மேல் தேய்த்துவிட்டார். சக்கரம் போகவேண்டிய நாளில் போகவில்லை. அன்று பின்னேரம் சாப்பாட்டு மேசையில் அம்மா அவரைத் துளைத்தெடுத்தா.

"இஞ்சாருங்கோ, தகடு எப்பிடி வளைஞ்சது?"

"வேலைக்குக் கொண்டுபோகேக்கை என்ரை கையாலைதான் விழுந்தது."

பதில் அம்மாவுக்கு, பார்வை என் மேல். அவர் கை வைக்காத புட்டு கோப்பையில் ஆறிக்கொண்டிருந்தது. தப்பிவிட்ட சந்தோஷத்தில் நான் இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

மேலாளர் அப்பாவை, சக்கரங்களை அனுப்ப மரப்பெட்டி அடிக்கும் பகுதிக்கு மாற்றினார். அடுத்த வருடம் புதுச் சக்கரம் செய்யும் வேலை வெளிநாட்டுக்குப் போனது. பழைய சக்கரங்களைத் திருத்துவதற்காகத் தேய்க்கிறவர்கள் சிலரை வைத்துக்கொண்டு, பெட்டி அடித்தவர்களை அனுப்பிவிட்டார்கள். அப்பா ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலைக்குப் போனார், இன்னும் போகிறார். நினைக்கும்போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பிடிபடவில்லை என்றுதான் அன்று நம்பினேன். நானே வாய் திறந்து சொல்லட்டும் என்று அவர் சாப்பிடாமல் காத்திருந்தது எனக்கு விளங்கவில்லை.