கல்லறையில் வைத்த புட்டு

குணவதி அன்ரி வெக்ஸ்போர்ட்டில் நாங்கள் குடியிருக்கும் அதே அப்பார்ட்மென்டில், ஐந்தாம் மாடியில் இருக்கிறார். ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் பதினெட்டு வருட வேலை. கணவர் கிறிஸ்துநாயகம் இறந்து மூன்று வருடங்கள். சனிக்கிழமைதோறும் இரண்டு பஸ் மாறிச் சேமக்காலைக்கு, அவருடைய கல்லறைக்குப் போவார். மெழுகுதிரி ஏற்றி, செபமாலை சொல்லி முடித்து, வாழையிலைத் துண்டில் ஒரு பிடி புட்டும் மீன்குழம்பும் கல்லறையின் காலடியில் வைப்பார்.

சென்ற கோடையிலிருந்து நான்தான் காரில் கூட்டிப்போனேன்.

"உயிரோட இருக்கேக்கை இந்த மனிசன் ஒருநாளும் நேரத்துக்குச் சாப்பிடேல்லை. இனியாவது சாப்பிடட்டும்," என்பார். அணில் வந்து இலையை இழுத்தால், "சோம்பேறி மனிசன், எழும்பி வரப் பஞ்சி. உந்த அணிலை அனுப்பியிருக்கிறார்," என்று சிரிப்பார்.

எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் எடுத்தவள் நான். படித்தது தொல்லியல். இறுதிக் கட்டுரை பெருங்கற்கால ஈமக்கற்களைப் பற்றியது. அந்தக் கற்களின் கீழே தோண்டியெடுத்த, நான் படத்தில் மட்டும் பார்த்த மண்சட்டிகளும் மீன்முள்ளும் என் கண்முன்னே ஓர் இலையில் இருப்பதுபோல் இருந்தது. சந்தோசத்தில் வாய் நிற்கவில்லை.

"அன்ரி, உது எங்கட கிறிஸ்தவ வேதம் வரமுந்தியே இருந்த வழக்கம். ரெண்டாயிரம், மூவாயிரம் வருசத்துக்கு முந்திப் பெரிய கல்லுகளை நட்ட சனமும் செத்தவைக்கு இப்பிடித்தான் சாப்பாடு வைச்சது."

"அப்ப உது எங்கட வேதத்தில இல்லையோ?"

"இல்லை. அதைவிடப் பழசு."

பெருமைப்படுவார் என்று நினைத்தேன். அவர் குனிந்து, புட்டை விரலால் கூட்டி, ஒரு துகள்கூட விடாமல் சாப்பாட்டுப் பெட்டிக்குள் போட்டார். வீட்டுக்குத் திரும்பினோம். லிஃப்டுக்குள்தான் கேட்டார்:

"அப்ப மூண்டு வருசமா நான் அவருக்குப் பாவத்தையோ தின்னக் குடுத்தனான்?"

அடுத்த சனிக்கிழமை வெறுங்கையோடு வந்தார். காற்றில் திரி நிற்கவில்லை. பத்து நிமிடத்தில், "போவம்," என்றார்.

"விசாரிச்சனான் அன்ரி. அது பிழையில்லையெண்டு ஃபாதர் சொன்னவர்," என்றேன்.

"படிச்ச பிள்ளை நீ. பொய் சொல்லாத."

நவம்பரிலிருந்து அவர் வருவதில்லை. கேட்டால், கால் ஏலாது என்கிறார். அதே காலோடுதான் வேலைக்குப் போகிறார்.

என் கட்டுரைக்கு நல்ல புள்ளி கிடைத்தது. 'மறுமை நம்பிக்கையின் சான்று' என்று அந்தச் சட்டிகளைப் பற்றி எழுதியிருந்தேன். எனக்கு என்ன தெரியும்? ஒருவருக்கு மட்டும் சமைக்கக் கை வராத யாரோ வைத்ததாகவும் இருக்கலாம். இதை அன்று யோசித்திருந்தால் வாயைப் பொத்தியிருப்பேன்.

நேற்றுக் கதவைத் தட்டினேன். புட்டு அவிக்கும் பானையைக் கழுவித் துடைத்து என் கையில் தந்தார்.

"கொண்டுபோ. எனக்குக் கடையில வாங்கிற பாண் போதும்."

'அப்ப அவருக்கு?' என்று கேட்க வாயெடுத்தேன். பானையை வாங்கிக்கொண்டு லிஃப்டுக்கு நடந்தேன்.